மனசோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்

நண்பர்களே, உங்களில் பலர் என்னிடம் அதைக் கேட்டுவிட்டீர்கள். சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். சிலர் பள்ளி வாசலில், பிள்ளைகள் வெளியே வரும்வரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கேட்டீர்கள். ஒருத்தி சந்தையில் சியாக்காப் மீனைச் செதில் எடுக்கக் கொடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் கேட்டாள்.

"நம்பலன்னா நம்பாம இருந்துட்டுப் போயேன். மனசோட வச்சுக்க வேண்டியதுதானே? எதுக்கு எல்லார் முன்னாலயும் சொல்றே?"

எல்லாரிடமும் சிரித்து மழுப்பினேன். எனக்குப் பேச்சில் பதில் வராது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் வரும். அப்போதும், இதைச் சொன்னால் அவள் மனம் புண்படுமோ, இப்படிச் சொன்னால் திமிராகத் தெரியுமோ என்று யோசித்துப் பாதியில் விட்டுவிடுவேன். இந்தக் கட்டுரையைக்கூடப் பலமுறை தொடங்கி அழித்தேன். இன்று அழிப்பதாக இல்லை.

தெரியாதவர்களுக்காக, நடந்தது இதுதான். போன மாதம் ஈப்போ குனோங் ராபாட்டில் நாங்கள் வாங்கிய வீட்டில் பால் காய்ச்சினோம். வரிசை வீடு. பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்பு மலை சுவர் மாதிரி நிற்கும். பாலைப் பொங்க வைத்தது என் மாமியார். அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தது நான். கணவர் வீட்டுச் சொந்தங்கள் எல்லாரும் கூடத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கணவரின் பெரியம்மா, மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய அறையைத் திறந்து பார்த்தார். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அது சாமி அறை. நாங்கள் அதில் மகளின் புத்தகங்களையும் மிதிவண்டியையும் வைத்திருந்தோம்.

"ஏம்மா, சாமிய எங்க வச்சிருக்க?"

"அவரோட சாமி படம் மேல அலமாரில இருக்கு பெரியம்மா. அவரு அங்க கும்பிட்டுக்குவாரு."

"அப்ப நீ?"

"எனக்குச் சாமி நம்பிக்கை இல்ல பெரியம்மா."

நான் குரலை உயர்த்தவில்லை. யாரையும் குறை சொல்லவுமில்லை. கேட்டார், சொன்னேன். ஆனால் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. என் மகள் முறுக்கைக் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறு வயது. யாரோ ஒருவர், "மீ நல்லா இருக்கே, எந்தக் கடை?" என்று பேச்சை மாற்றினார். எல்லாரும் போன பிறகு என் கணவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "சொல்லணும்னு நினைச்சா சொல்லிக்க. அடுத்த தடவ மட்டும் மீ தீர்ந்தப்புறம் சொல்லு. அவ்வளவும் மிஞ்சிப்போச்சு பாரு."

அவர் கும்பிடுகிறவர். என்னைப் பற்றி அவருக்குத் திருமணத்துக்கு முன்பே தெரியும். அவருடைய அலமாரிப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பது நான்தான். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். பக்கத்துத் தெருப் பெண் குழந்தை என் மகளோடு விளையாட வருவது நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குச் சளியாக இருக்கலாம். இப்படி நினைத்து நினைத்துத்தான் என் நாள் போகிறது.

இருந்தாலும் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்வதற்கு, என் சின்ன வயதில் ஒரு பருவத்தைச் சொல்ல வேண்டும். உங்களிடம் அதை நான் வேடிக்கையாக மட்டும் சொல்லியிருக்கிறேன். "எனக்குப் பத்து வயசுல மொட்டை போட்டாங்க" என்று சொல்லுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சித்தியவான் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மட்டும், யாரும் பால் வெட்டாத கிழட்டு ரப்பர் மரங்கள் ஒரு வரிசை மிஞ்சியிருந்தன. வெயில் காலத்தில் காய்கள் வெடித்துத் தகரக் கூரைமேல் கொட்டைகள் விழும். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, அடுத்தவர் தொடையில் வைத்துவிட்டு ஓடுவதுதான் எங்கள் விளையாட்டு. அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையுமுன் அவர் சட்டையின் புளித்த எண்ணெய் வாடை நுழைந்துவிடும். அம்மாவுக்கு வெளிக்காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை.

எனக்கு முடி அதிகம். இடுப்புக்குக் கீழே தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து என்னை முழங்காலுக்கு நடுவில் இழுத்துப் பிடித்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். மருந்துத் தொட்டியைச் சுமந்து சுமந்து அவர் விரல்கள் தடித்துப்போயிருந்தன. சிக்கெடுக்கும்போது வலிக்கும். ஆனாலும் அந்த நேரத்தில் மட்டும் அம்மா எனக்கே எனக்கு என்று இருந்தார். பள்ளிக்கு இரட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டி, கறுப்பு ரிப்பன் வைப்பார். வீட்டில் இருக்கும்போது சித்தியவான் இரவுச் சந்தையில் வாங்கிய நீலப் பட்டாம்பூச்சிக் கிளிப்பைக் குத்திக்கொள்வேன். அதன் சிறகுகளில் மெல்லிய கம்பிச்சுருள் இருந்தது. நடந்தால் சிறகு ஆடும்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் தம்பிக்கு டெங்கி வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் அவன் உடம்பு சில்லிட்டுப் போனது. ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்று தாதி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அம்மா மட்டும் கட்டிலருகே நின்று, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடைபாதையில் அத்தை இருந்தார். அப்பாவின் மூத்த அக்கா. கணவரை இழந்தவர். அப்பாவை வளர்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாரும், இப்போது என்ன செய்யலாம் என்பது போல அவரையே பார்த்தார்கள். அவர் திடீரென்று சேலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னார்:

"தாயே, பையன நல்லபடியா வீட்டுக்கு அனுப்பு. அவன் அக்காகாரி முடிய உன் திருவிழாவுல இறக்கிடறேன்."

அக்காகாரி நான்தான். தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

தம்பி பிழைத்துவிட்டான். வீட்டுக்கு வந்த அன்றே மைலோ கேட்டு அடம்பிடித்தான். எல்லாரும் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். தம்பியைக் காப்பாற்றியது என் சடை என்பது போலப் பார்த்தார்கள். திருவிழாவுக்குச் சில மாதங்கள் இருந்தன.

ஒருநாள் எண்ணெய் தேய்க்கும்போது கேட்டேன். "ம்மா, சாமிக்கு எதுக்கு முடி?"

அம்மாவின் விரல்கள் நின்றன. "உங்கப்பாவக் கேளு."

அப்பா ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி, "அதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். அவகிட்ட கேளு" என்றார்.

பெரியவர்கள் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறார்கள், நான் பெரியவளானதும் சொல்வார்கள் என்று நம்பினேன்.

இப்போது பஸ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகும் பேருந்து அவருடையது. எங்களுக்கு அவர் பஸ் அண்ணே. பெரியவர்களுக்கும் அதே பெயர்தான். தோட்டத்தில் மோட்டார் சைக்கிளில்கூட முருகன் ஒட்டியிருப்பார். அவருடைய பேருந்தில் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் ஒரு படமும் இருக்காது. ஒரு துணி, ஒரு தகரக் குவளை, பழுதாகிப்போன ஒரு கைக்கடிகாரம், அவ்வளவுதான்.

"பஸ் அண்ணே, எல்லா வண்டியிலயும் சாமி இருக்கு. உங்க வண்டில ஏன் இல்ல?"

"பிரேக் இருக்குலா. பத்தாதா?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டில் சொன்னோம். அம்மாமார்களும் சிரித்தார்கள். அவருடைய மனைவி பக்தி உள்ளவர். ஆயுத பூசைக்குச் சக்கரத்தடியில் வைக்க அவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தபோது, "நல்ல பழமா இருக்கு. புழிஞ்சு தண்ணி போட்டுக் குடு" என்று பஸ் அண்ணன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட கதையைத் தோட்டமே சொல்லிச் சிரித்தது. வேடிக்கையாக இருந்தவரை அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது யாருக்கும் உறுத்தவில்லை. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நானும் அதேபோல வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் நீங்களும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

திருவிழா நெருங்கியதும் பிள்ளைகள் என்னைச் சீண்டத் தொடங்கினார்கள். பின்னிருக்கையிலிருந்து என் சடையை இழுத்து, "இன்னும் கொஞ்ச நாளுதான், பாத்துக்க மொட்டச்சி" என்பார்கள். ஒரு மதியம் லயத்து வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகும் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னா பாப்பா, வீடு மறந்துபோச்சா?"

"எனக்கு மொட்டை வேணாம் அண்ணே."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கதவை மட்டும் திறந்துவைத்துக் காத்திருந்தார். பிறகு நானே இறங்கிக்கொண்டேன்.

திருவிழா அன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. உறுமி மேளச் சத்தத்தில் கோயில் தகரக் கூரையே அதிர்ந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு கொட்டகை. அங்கேதான் முடி இறக்குவார்கள். என்னைச் சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்தார்கள். என் கிளிப்பைக் கழற்றி அம்மா கையில் வைத்துக்கொண்டார். அதுதான் நான் அதைக் கடைசியாகப் பார்த்தது. கூட்டத்தில் எங்கேயோ விழுந்துபோனது. முடி இறக்குபவர் பட்டணத்திலிருந்து வந்தவர். புதிய பிளேடை உடைத்துக் கத்தியில் செருகினார். என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அது கண்ணில், மூக்கில், வாயில் வழிந்தது. நான் அழுவது யாருக்கும் தெரியாது என்று நினைத்து நன்றாக அழுதேன்.

பஸ் அண்ணனின் மனைவி அன்று பால்குடம் எடுத்தார். அவருக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு பஸ் அண்ணன் வெறுங்காலோடு கூடவே நடந்து வந்தார். கொட்டகையைக் கடக்கும்போது என்னைப் பார்த்துவிட்டார். குடையைப் பக்கத்தில் இருந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

"பிள்ளை இப்படி அழுவுது. அதக் கேட்டீங்களா?"

"ஆத்தாளுக்குச் சொன்னது. இதுல பிள்ளகிட்ட என்னாத்த கேக்கறது?" என்றார் அத்தை.

"முடி அதோடதுலா அக்கா. வேண்டுனது நீங்க. உங்க முடிய குடுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தையின் கை அவருடைய கொண்டைக்குப் போனது.

கோயில் தலைவர் அங்கே வந்தார். தோட்டத்து மண்டோரும் அவர்தான். அம்மாவுக்கு மறுநாள் எந்த நிரையில் வேலை, மேட்டிலா பள்ளத்திலா என்று பிரித்துக் கொடுப்பவர். பால்குடம் எடுப்பவர்களை வரிசைப்படுத்தி அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவர், ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டார். அதை அணைக்க மறந்துவிட்டார்.

"டேய், உனக்கு நம்பிக்கை இல்லன்னா ஒதுங்கி நில்லு. இங்க வந்து என்னா பேச்சு?"

"நம்பிக்கை இல்லதான் மண்டோரே. இல்லாதவன் ஒருத்தன் இங்க நிக்கிறேன். அதத்தான் சொல்றேன்."

"அத வீட்டுல வச்சுக்க."

"வீட்டுல என் பொண்டாட்டிக்குத் தெரியும். இங்கதான் எல்லாரும் வெளையாட்டுன்னு நினைக்கறீங்க."

அத்தனையும் ஒலிபெருக்கியில் போனது. தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய், கடைசி லயம் வரைக்கும் அதைக் கொண்டுபோனது. சமையல் கொட்டகையிலிருந்து ஒருவர், "அண்ணே, மைக்க அடைங்க! மைக்க அடைங்க!" என்று கத்திக்கொண்டே கரண்டியோடு ஓடிவந்தார். உறுமிகூட ஒரு கணம் நின்றது.

அந்த ஒரு கணத்தில் நான் முக்காலியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். அப்பாவின் வாய் திறந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். என்மேல்தான் கோபம், நான் அழுததால்தான் இந்த அவமானம் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ் அண்ணனை நாலு பேர் சேர்ந்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். கத்தி என் நெற்றியிலிருந்து பின்னால் போனது. சடை தட்டில் விழுந்தபோது, தேங்காய் விழுவது போலக் கனமாகச் சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு சந்தனம் பூசினார்கள். அது சில்லென்று இருந்தது. அப்போது என் அழுகை நின்றிருந்தது.

ஏன் நின்றது என்று சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் பிடித்தன. அதுவரைக்கும், அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை, என்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாமி கும்பிடும்போது எல்லாரும் கண்ணை மூடினால் நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். எல்லாருக்கும் உள்ளே ஏதோ நடக்கிறது, எனக்கு மட்டும் கால் வலிக்கிறது. இதை யாரிடம் சொல்வது? அன்று ஒலிபெருக்கியில் ஒரு பெரியவர் தனக்கும் இல்லை என்று சொன்னார். மூன்று வேளையும் சோறு தின்கிற, மனைவிக்குக் குடை பிடிக்கிற, பிரேக் சரியாகப் போடுகிற மனிதர். அவர் மேல் இடி விழவில்லை. அவரால் என் முடியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தக் கோளாறு எனக்கு மட்டும் இல்லை என்பது அன்று தெரிந்துபோனது.

இடி விழவில்லை என்றேன். மண்டோர் விழ வைத்தார். அடுத்த வாரமே பேருந்துக்குச் சக்கரம் பஞ்சரானது. அதற்கு முன்னும் எத்தனையோ தடவை ஆகியிருக்கிறது. இந்தத் தடவை மட்டும் அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. "சாமி இல்லாத பஸ்லயா புள்ளைங்கள அனுப்பறீங்க?" என்று மண்டோர் கேட்டார். குழாயடியிலும் அதையே கேட்டார்கள். ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை வேறொரு வேனுக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டிலும் மாற்றினார்கள். ஒரு மாலை அப்பா என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பேருந்தின் படியைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணே, அடுத்த மாசத்துலேர்ந்து பாப்பாவ வேன்ல அனுப்பறோம்."

"சரி தம்பி. இடம் நிறைய இருக்கும். நான் காலை நீட்டிக்குவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அப்பா நிமிரவில்லை. புது வேனில் முன்கண்ணாடி மறையும் அளவுக்குச் சாமி படங்கள் இருந்தன. பின்கதவை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மேடு ஏறும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வேலை பெரிய பிள்ளைகளுக்கு. அதைப் பற்றி ஒரு பெற்றோரும் குழாயடியில் பேசவில்லை.

பட்டணத்தில் வேன் நிற்கும் இடத்தில் ஒரு சீனர் மளிகைக் கடை இருந்தது. கடைக்கார அக்கா என் தலையைப் பார்த்துவிட்டு மலாயில் "நோயா?" என்று கேட்டார். "சாமிக்கு" என்றேன். அவர் உள்ளே போய், உர நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்குக் கொடுத்த பச்சைத் தொப்பியைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். முன்பக்கம் ஒரு பெரிய செம்பனைக் குலை படம். முடி வளரும்வரை அதைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். எனக்கு உரமூட்டை என்று பெயர் வந்தது. மொட்டச்சிக்கு அது எவ்வளவோ தேவலை.

பஸ் அண்ணன் அந்த வருடம் முடியுமுன் பேருந்தை விற்றுவிட்டு மனைவியோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். காம்பார் பக்கம் லாரி ஓட்டுகிறார் என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

பெரியவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அத்தையைப் பற்றி முதலில் சொல்கிறேன். என் திருமணத்துக்கு முதல் நாள் எனக்கு மல்லிகை வைத்துவிடும்போது, "எவ்வளவு முடிடி உனக்கு" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, யாரும் கேட்காமலே சொன்னார்: "அன்னைக்கு ஆஸ்பத்திரில எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க. வாய்ல வந்தது சொல்லிட்டேன். உங்கப்பனோ அம்மாளோ ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருந்தா, என் முடிய குடுத்திருப்பேன்டி. ஆத்தா வாங்கிக்க மாட்டாளா? ஒருத்தரும் சொல்லலயே." அத்தை கடைசிவரை நம்பியவர். அவருடைய நம்பிக்கை அவ்வளவு குறுகலானது இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் அவரிடம் மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அத்தைக்கும் முன்பே அப்பா சொல்லியிருந்தார். நான் காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, விடுமுறை முடிந்து என்னைக் காரில் கொண்டுபோய் விட வந்தார். ஈயம் தோண்டிய பழைய லம்பக் குட்டைகளைத் தாண்டிப் போகும் சாலை. மழை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சொன்னார்.

"அன்னைக்கு நான் நிறுத்தியிருக்கணும்மா. எனக்கு இதெல்லாம் சின்ன வயசுலேர்ந்தே கிடையாது."

"எதுப்பா?"

"சாமி. ஆனா உங்கம்மா நம்பறா. தம்பி பொழச்சதே அந்த வேண்டுதலாலன்னு இருக்கா. நான் வேணாம்னு சொல்லி, அப்புறம் அவனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா அவ என்னை மன்னிப்பாளா? அதான் பேசல. அம்மாகிட்ட சொல்லிடாத. உடைஞ்சு போயிடுவா."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் சொல்பேச்சுக் கேட்கும் மகள். அதனால் அப்பாவின் ரகசியத்தோடு என்னுடையதையும் சேர்த்து மூடி வைத்தேன். விளக்கேற்றச் சொன்ன இடத்தில் ஏற்றினேன். தட்டை நீட்டியபோது தொட்டுக் கும்பிட்டேன். நெற்றியில் பூசிய திருநீற்றோடு உங்களோடு படம் எடுத்துக்கொண்டேன். மனசோடு வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதில் நான் நல்ல தேர்ச்சி பெற்றவள்.

ஆனால் அதற்கு என்ன மதிப்பெண் கிடைக்கிறது தெரியுமா? நீங்கள் பேசாமல் நின்றால் உங்களையும் ஆமாம் என்றவர்கள் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கொட்டகையில் பேசாமல் நின்ற எல்லாரையும் சேர்த்துத்தான் என் தலையில் கத்தி வைத்தார்கள். அதில் எத்தனை பேர் உண்மையாக நம்பினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இவர் நம்புகிறார் போலிருக்கிறது என்று அவரும், அவர் நம்புகிறார் போலிருக்கிறது என்று இவரும் குனிந்துகொண்டார்கள்.

நம்புகிறவர்களிடம் யாரும் மனசோடு வைத்துக்கொள் என்று சொல்வதில்லை. காலையில் எழுந்ததும் என் தொலைபேசியில் உங்கள் சாமி படங்கள்தான் வணக்கம் சொல்கின்றன. உங்கள் கார் கண்ணாடி, உங்கள் கடைப் பெயர், உங்கள் வீட்டு வாசல் எல்லாம் சொல்கின்றன. சொல்லட்டும். நான் ஒருநாளும் காதைப் பொத்தியதில்லை. நான் ஒரே ஒரு வரி சொன்னேன், அதுவும் என் வீட்டில், கேட்டதற்கு. அது மட்டும் எப்படி அதிகமாகிவிடுகிறது? இந்த நாட்டில் இதை வாய்விட்டுச் சொல்லவே சட்டத்தில் வழியில்லாதவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கிடைக்கும் பெரிய தண்டனை, மாமியாரின் முகமும் மிஞ்சிப்போன மீயும்தான். அதற்குப் பயந்து நான் பேசாமல் இருந்தால், பேருந்தையே இழந்த ஒரு மனிதருக்கு முன்னால் நான் எப்படி நிமிர்ந்து நிற்பது?

யாரையும் மாற்ற நான் சொல்லவில்லை. உங்கள் சாமி உங்களோடு இருக்கட்டும். அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது ஒருத்தி, ஒரு கண்ணைத் திறந்துகொண்டு கும்பிடுகிறவள், தன்னிடம் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருக்கலாம். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். என் மகளுக்கும் கேட்கட்டும். நாளைக்கு அவள் நம்பினால் நம்பட்டும். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க இடம் இருக்கிறது என்பதாவது அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் விளையாட்டுத் தோழியை இழப்பாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டேதான் சொன்னேன். பயந்துகொண்டே இன்னொரு முறையும் சொல்வேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று மத்தியானம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். சேதி அவர் காதுக்கும் போய்விட்டது. அவர் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார் என்று புரிந்தது.

"புது வீட்டுல எல்லார் முன்னாலயும் சொன்னியாமே?"

"ஆமாம்மா. கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடி." குழம்பைக் கிளறும் சத்தம் கேட்டது. "உனக்கு எப்படி அவ்ளோ தைரியம் வந்துச்சு?"

"தைரியமெல்லாம் இல்லம்மா. பயந்துக்கிட்டேதான் சொன்னேன்."

"எனக்கும் சாமி நம்பிக்கை இல்லடி." குரல் இன்னும் தாழ்ந்தது. "உன்னைய மாதிரிதான். தம்பி ஆஸ்பத்திரில கெடந்தப்பவே எல்லாம் போயிருச்சு. அந்தத் தாதிப் பொண்ணு ராத்திரி பகல் பாக்காம ஓடுனா. அவளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வேற யாரும் வரல. இத்தன வருசமா உங்கப்பாவுக்காகத்தான் வெளக்கு ஏத்தறேன். அக்கா வளத்த புள்ள, அவருக்கு அது இல்லன்னா முடியாது. உன் முடியக்கூட, அவரு நம்பறாரேன்னுதான் நான் வாயத் தொறக்கல. அவருகிட்ட சொல்லிடாதடி. தாங்க மாட்டாரு."

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"ம்மா, அப்பா எங்க இருக்காரு?"

"ஹால்ல. டிவி பாத்துக்கிட்டு இருக்காரு. ஏன்?"

"கதவத் தொறந்துட்டு அங்க போங்க."

"எதுக்குடி?"

"போங்கம்மா. போய் அப்பா பக்கத்துல உக்காருங்க. இப்ப என்கிட்ட சொன்னத, அவருக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"சத்தமா சொல்லுங்கம்மா. நான் போன வைக்கல."

பிறகு கதவு திறந்தது. அம்மாவின் செருப்புச் சத்தம் தரையில் மெதுவாக நகர்ந்தது. தொலைக்காட்சியின் சத்தம் கிட்டே கிட்டே வந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"என்னா, யாரு போன்ல?" என்று அப்பா கேட்டார்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.